ஏறி வந்தவன் சொல்லும் எண்

இறங்கிக்கொண்டே இருக்கிறது இரும்புத் தொட்டி, மேலே உருளை கிறீச்சிடக் கிறீச்சிடக் கம்பிவடம் நீள்கிறது, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறேன், வானம் முதலில் நெற்களம் அளவு இருந்தது, பிறகு வண்டிச் சக்கரம் அளவு ஆனது, இப்போது சோறு தின்கிற வட்டில் அளவுதான் இருக்கிறது, அந்த வட்டிலின் விளிம்பில் ஒட்டிய பருக்கை மாதிரி என் பெண்சாதி தையல்நாயகியின் முகம், கிரேன் லிவர் அவள் கையில், அவள் தள்ளினால் நான் இறங்குவேன், அவள் கை நின்றால் அந்தரத்தில் நிற்பேன், பதினாறு வருஷமாக என் உயிர் அப்படித்தான் அவள் உள்ளங்கையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் பாறை வேர்த்துக் கிடக்கிறது, அடியில் ஆறு திரிகள் எலிவால் மாதிரி நீட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கின்றன, என் கை நடுங்கவில்லை, பாரு தையலு, நடுங்கல பாரு, என்று கத்துகிறேன், குரல் சுவரில் மோதி மோதி மேலே போகிறது, தம்பி, எறங்குற ஸ்டாப்பு வந்திருச்சு எந்திரி, என்று யாரோ தோளில் தட்டுகிறார்கள், கிணற்றுக்குள் ஸ்டாப்பு எப்படி வரும் என்று கண்ணைத் திறந்தால் கிணறும் இல்லை வானமும் இல்லை, சமுதாய மருத்துவமனையின் வராந்தா, சிமெண்டு பெஞ்சு, பக்கத்தில் ரிட்டயர்டு கண்டக்டர் பூவராகன் அண்ணன், இப்படி வாயத் தொறந்துகிட்டு தூங்குறியே, ஈ பூந்துச்சுன்னா அதுக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணும் பாத்துக்க, என்கிறார்.

இன்றைக்கு வியாழக்கிழமை, இன்றைக்கு எனக்கு அறுபதாவது நாள், விடிந்ததிலிருந்து நெஞ்சுக்குள், பாறையில் குழி போடுகிற கம்ப்ரசர் ஓடுகிறது, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற நீலச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், சட்டைப்பையில் மஞ்சள் அட்டை, அட்டையில் அறுபது கட்டம், நாளுக்கு ஒரு கட்டம், குடிக்காத நாளுக்குச் சரிக்குறி, குடித்த நாளுக்குப் பெருக்கல் குறி, ஒங்க கையாலயே போடுங்கண்ணே, நான் பக்கத்துல வந்து பாத்துகிட்டா இருக்கப் போறேன், என்று முதல் நாளே சொல்லிவிட்டார் சிஸ்டர் அமலோற்பவம், கடைசிக் கட்டம் மட்டும்தான் வெறுமையாக இருக்கிறது, அதையும் நிரப்பி, சிஸ்டரிடம் முத்திரை வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்குள் கிணற்றடிக்குப் போய்விட்டால் போதும், தையல்நாயகி அட்டையைப் பார்ப்பாள், பார்த்தால் தொட்டியில் ஏறு என்பாள், ஏறினால் நான் மறுபடியும் வெடிக்காரன், ஏழு மாதமாகக் கூடையில் கல் சுமந்து சுமந்து உச்சந்தலை மரத்துப் போயிருக்கிறது, கழுத்து தோளுக்குள் புதைந்து போயிருக்கிறது, கல் சுமப்பது கேவலம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் எண்பதடிக்குக் கீழே, சுற்றிலும் யாரும் இல்லாத இடத்தில், ஒரு திரியின் நுனியில் நெருப்பு வைத்து அது சீறுகிற சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் தெரியும், மேலே நின்று அடுத்தவன் கொளுத்துவதைப் பார்ப்பது எப்படி என்று.

முதல் நாள் நினைவுக்கு வருகிறது, நினைவா, இல்லை இப்போதுதான் நடக்கிறதா, தையல்நாயகி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இதே வராந்தாவில் ஏறுகிறாள், அதற்கு முன்னால் டவுனில் குடியை நிறுத்த வைக்கும் ஓர் இல்லத்தில் போய் விசாரித்திருக்கிறாள், மூன்று மாதம் உள்ளே போட்டுப் பூட்டுவோம் என்று சொல்லி அவர்கள் கேட்ட தொகைக்குக் கிரேனைத்தான் விற்க வேண்டும், கிரேன வித்துட்டு இவரு திருந்தி வந்து எதப் புடிச்சுகிட்டு எறங்குவாரு, என்று கேட்டுவிட்டு வந்தாளாம், இங்கே பத்து ரூபாய்ச் சீட்டு, மாத்திரைக்குக் காசு இல்லை, படுக்கை இல்லை, பூட்டு இல்லை, காலையில் வா, ஊசி போட்டுக்கொள், மாத்திரை வாங்கிக்கொள், வீட்டுக்குப் போ, கஞ்சி குடி, உடம்பு தேறினால் வேலைக்குப் போ, வியாழக்கிழமை தோறும் வா, அவ்வளவுதான், சுவரில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன், புற, நோயா, ளிகள், நாற்பத்தைந்து வயதில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் கற்ற எழுத்து, நின்று நிதானமாகத்தான் வரும், யோவ், பரீச்சை முடிஞ்சிருச்சா, நகருய்யா, என்று பின்னாலிருந்து ஒரு குரல், திரும்பினால் பூவராகன் அண்ணன், அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்த்தேன், கதவு இப்பிடி தொறந்தே கெடக்குதேம்மா, இவரு ஓடிப் போயிட்டா, என்று தையல்நாயகி கேட்கிறாள், ஓடிப் போனவரு திரும்பி வரணும்ல, அதுக்குத்தான் தொறந்து வச்சிருக்கோம், என்கிறார் சிஸ்டர், கையை நீட்டச் சொல்கிறார், இரண்டு கையையும் நீட்டுகிறேன், புறங்கையின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைக்கிறார், தாள் படபடவென்று அடித்துக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி துள்ளிக் கீழே விழுகிறது, நான் குனிந்து எடுக்கப் போகிறேன், இருங்கண்ணே, அது அங்கயே கெடக்கட்டும், ஒரு நாளு இதே தாளு இங்கயே உக்காரும் பாருங்க, என்று என் புறங்கையைத் தொட்டுக் காட்டுகிறார்.

அந்த முதல் பத்து நாளை எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, காலையில் ஒரு மாத்திரை, மத்தியானம் ஒன்று, ராத்திரிக்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருதரம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது, முதுகில் எறும்பு ஊருகிறது என்று வெயிலில் நின்று சட்டையைக் கழற்றி உதறினேன், எறும்பே இல்லை, தையல்நாயகி தினம் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து ஊசிக்கு அழைத்துப் போனாள், பேசவே மாட்டாள், முழங்கையால் ஒரு இடி இடித்தால் ஏறு என்று அர்த்தம், இன்னொன்று இடித்தால் இறங்கு, பேசாமல் இருப்பதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது, காரணத்தின் பெயர் கலியபெருமாள், அவளுடைய உடன்பிறந்த தம்பி, என் மச்சான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, பாறையில் ஆறு குழி போட்டுத் தோட்டா வைத்தால் ஆறு திரியையும் ஒரே நீளத்துக்கு வெட்ட மாட்டோம், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கூட்டி வெட்டுவோம், அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும், மேலே நிற்பவர்கள் எண்ண முடியும், கொளுத்தியவன் தொட்டியில் ஏறி மேலே வந்ததும் அவன் வாயிலிருந்து வருகிற முதல் சொல் எண்ணாகத்தான் இருக்க வேண்டும், தண்ணீர் கேட்கக் கூடாது, சாமி பேர் சொல்லக் கூடாது, ஓடுங்கடா என்றுகூடச் சொல்லக் கூடாது, எத்தனை கொளுத்தினானோ அந்த எண், அப்புறம்தான் மற்றதெல்லாம், பிறகு எல்லாரும் கல் குவியலுக்குப் பின்னால் போய்க் கூட்டாகக் கத்தி எண்ணுவோம், சொன்ன எண்ணும் கேட்ட எண்ணும் ஒன்றானால் ஆள் இறங்கலாம், ஒன்று குறைந்தாலும் அன்றைக்குக் கிணற்றை மூடிவிட்டுப் போய்விட வேண்டும், மறுநாள் சூரியன் கிணற்றுக்குள் விழுகிற வரைக்கும் ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஆறேழு பேரின் உயிர் நிற்கிறது, ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் காலையிலேயே குடித்திருந்தேன், இறங்குவதற்கு முன்னால் இன்னொரு தடவை, கீழே போனபோது திரிகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன, குனிந்து குனிந்து கொளுத்தினேன், ஓரத்துக் குழி ஒன்றைக் கொளுத்தாமலே விட்டுவிட்டேன், குழி போட்டதும் நானேதான், எத்தனை குழி என்பதும் மறந்துபோனது, மேலே வந்தேன், வாய் திறந்தேன், அஞ்சு, என்றேன், ஐந்து வெடித்தது, சொன்ன எண்ணும் கேட்ட எண்ணும் சரியாக இருந்தது, கலியபெருமாள் கடப்பாரையோடு இறங்கினான், இடிபாட்டுக்கு அடியில் கிடந்த ஆறாவது தோட்டாவில் கடப்பாரை போய்க் குத்தியது, தொட்டியில் அவன் ஏறி வந்தபோது இடது காதிலிருந்து இரத்தம், இடது கையில் இரண்டு விரல் இல்லை, அவன் என்னைத் திட்டவில்லை, மாமா, எத்தன குழி, என்று மட்டும் கேட்டான், நான் அப்போதும் அஞ்சு என்றேன், அதைத்தான் தையல்நாயகியால் செரிக்க முடியவில்லை, மறந்துட்டேன்னு சொல்லிருந்தா மனுசன், ஒன் வாயில வர்ற எண்ணிக்கைய நான் நம்புற வரைக்கும் இந்தத் தொட்டில ஒன் காலு படக் கூடாது, என்றாள், அதன் பிறகு ஐந்து மாதம் குடியோ குடி, கல் சுமப்பேன், குடிப்பேன், கல் சுமப்பேன், கடைசியில் அவள்தான் சொன்னாள், அறுவது நாளு, அந்த ஆஸ்பத்திரி அட்டையோட வா, அப்பறம் பாப்போம்.

சிஸ்டர் கூப்பிடுகிறார், பெஞ்சுகளை வட்டமாகப் போட்டாகிவிட்டது, பன்னிரண்டு பேர், வாரம் தவறாமல் இதுதான் நடக்கிறது, ஒவ்வொருத்தரும் எழுந்து தன்னுடைய நாள் எத்தனை என்று சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணைச் சொன்னால் போதும், முதல் வாரம் இதைக் கேட்டதும், இங்கேயும் எண்ணா, என்று வாசலைப் பார்த்தேன், பூவராகன் அண்ணன் எழுந்து, நாலு, என்கிறார், போன வாரம் எழுபதைத் தாண்டியிருந்தார், பேத்தி காதுகுத்தில் சறுக்கிவிட்டார், யாரும் சிரிக்கவில்லை, அவரேதான் சிரிக்கிறார், தப்பான ஸ்டாப்புல எறங்கிட்டேன் சிஸ்டர், பஸ்ஸு போயிருச்சு, சரின்னு அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன், என்கிறார், சிஸ்டர் அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறார், உழுந்த நாளையும் எண்ணுங்க, அதையும் சேத்து எண்ணுனாத்தான் கணக்கு கணக்காகும், எல்லாரும் அவருக்குத்தான் முதலில் கைதட்டுகிறார்கள், அந்த நாலுக்கு, நானும் தட்டுகிறேன், தட்டும்போதே உள்ளங்கை சுடுகிறது.

ஏனென்றால் இருபத்து மூன்றாவது கட்டம் இருக்கிறது, சட்டைப்பைக்குள் அது ஒரு தீக்கங்கு மாதிரி இருக்கிறது, இருபத்து மூன்றாம் நாள் ஏரிக்கரைக் கிணற்றில் தண்ணீர் கண்டோம், தண்ணீர் கண்டால் கிணற்றுக்காரர் கோழி அடித்துப் பாட்டில் திறப்பது வழக்கம், முதல் டம்ளர் வெடிக்காரனுக்கு, அன்றைக்கு வெடிக்காரன் யாரோ கூலிக்கு வந்தவன், நான் கல்கூடையோடு நின்றிருந்தேன், அவன் குடிப்பதைப் பார்த்தேன், அந்த டம்ளர் என்னுடையது, என்னுடைய டம்ளரில் ஒருத்தன் குடிக்கிறான், என்று தோன்றியது, தோன்றியது அவ்வளவுதான் தெரியும், கிரேன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று யாரோ வைத்திருந்த மிச்சத்தை ஒரே மூச்சில் விழுங்கினேன், கொய்யா இலையை மென்று துப்பினேன், வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, சரிக்குறி போட்டேன், கை நடுங்காமல் போட்டேன், அட்டையில் இருக்கிற குறிகளில் அதுதான் ரொம்ப அழகாக விழுந்த குறி, யாருக்கும் தெரியாது, சிஸ்டருக்குத் தெரியாது, தையல்நாயகிக்குத் தெரியாது, மறுநாளிலிருந்து இன்று வரைக்கும் ஒரு சொட்டு இல்லை, அப்படிப் பார்த்தால் அது ஒன்றும் பெரிதில்லை, ஒரு மிடறு, ஒரு கட்டம், என்று முப்பத்தேழு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அறுவது, என்கிறேன் எழுந்து நின்று, வராந்தா அதிருகிறது, பூவராகன் அண்ணன் விசில் அடிக்கிறார், போலாம் ரைட், என்கிறார், சிஸ்டர் மேசையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு வருகிறார், நான் கையை நீட்டுகிறேன், தாளை வைக்கிறார், தாள் உட்கார்ந்திருக்கிறது, குளத்தில் விழுந்த இலை மாதிரி அசையாமல் கிடக்கிறது, மின்விசிறிக் காற்றுக்கு ஓரம் லேசாகத் தூக்குகிறது, அவ்வளவுதான், டாக்டர் தம்பியே உள்ளேயிருந்து எழுந்து வந்து பார்க்கிறார், எல்லாரும் பார்க்கிறார்கள், என் கை, இது என் கை, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது, கடைசிக் கட்டத்தை நிரப்புகிறேன், முத்திரை டொப்பென்று அட்டையில் விழுகிறது, அடுத்த வியாழக்கெழமையும் வரணும்ணே, அறுவதோட படிப்பு முடிஞ்சு போயிரல, என்று சிஸ்டர் சொல்வது காதில் விழுகிறது, நான் அதற்குள் படியிறங்கி மொபெட்டை உதைக்கிறேன், சாலை ஓரப் புளியமரங்கள் எல்லாம் எதிரே ஓடி வருகின்றன, ஒவ்வொரு மரத்தையும் எண்ணுகிறேன், காற்றில் சட்டை உப்புகிறது, இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் ஒரு கல்சுமக்கிறவனுக்கு வரக்கூடாதா, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, எண்பதடிக் கிணறு, எட்டு நாளாகக் கம்ப்ரசரின் பல்லை உடைக்கிற ஒற்றைப் பாறை, அதற்கு அடியில் காதை வைத்தால் தண்ணீர் முனகுவது கேட்கிறது என்று கலியபெருமாள் சொன்னான், மிச்சம் உள்ள காதால கேட்டேன் மாமா, என்றான், அந்தப் பாறையை இன்றைக்கு நான் உடைக்கப் போகிறேன்.

தையல்நாயகி அட்டையை வாங்கி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்க்கிறாள், ஒரு வரி, இரண்டு வரி, மூன்றாவது வரியில் விரல் ஊர்கிறது, இருபத்து மூன்றைத் தாண்டிப் போகிறது, நிற்காமல் போகிறது, கடைசியில் முத்திரையைத் தொட்டுப் பார்க்கிறாள், அவள் முகத்தில் ஏழு மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகுகிறது, ஏறு, என்கிறாள், நான் தொட்டிக்குள் ஒரு காலை வைக்கிறேன், மறு காலையும் வைக்கிறேன், வடத்தைப் பிடிக்கிறேன், இரும்பின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறுகிறது, தொட்டி தரையை விட்டு ஒரு முழம் எழும்பி ஆடுகிறது, எத்தன குழி, என்று கேட்கிறாள், அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வி, அதற்குப் பிறகு இறங்கும்போதும் எண், ஏறும்போதும் எண் என்று ஆக்கிவிட்டாள், ஆறு, என்கிறேன், அன்றைக்கும் ஆறு குழிதான், மேலே வந்து அஞ்சு என்றேன், ஒரு அட்டையில் ஒரு குறி பொய், அதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையை நம்பி நான் தொங்குகிறேன், என் எண்ணை நம்பி அவளுடைய தம்பி இறங்கப் போகிறான், தையலு, நிறுத்து, என்கிறேன், இஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது, அறுவது இல்ல தையலு, ஏரிக்கரைக் கெணத்துல தண்ணி கண்ட அன்னிக்குக் குடிச்சேன், கட்டத்துல பொய்யாப் போட்டுட்டேன், முப்பத்தேழுதான், என்கிறேன்.

அவள் லிவரில் வைத்த கை அப்படியே இருக்கிறது, என்னா சொல்றாரு மாமா, என்று கலியபெருமாள் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு வருகிறான், முப்பத்தேழாம்டா, என்று கத்துகிறாள், என்னாது முப்பத்தேழு, முப்பத்தேழுதானாம், அறுவது இல்லையாம், என்று மறுபடியும் கத்துகிறாள், கல் சுமக்கிறவர்கள் நாலுபேரும் கேட்டுவிட்டார்கள், கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த கிணற்றுக்காரரும் கேட்டுவிட்டார், இனி அதைத் திரும்ப வாய்க்குள் போட முடியாது, அவள் தொட்டியைத் தரையில் இறக்குகிறாள், மெதுவாக இறக்கவில்லை, டங்கென்று போடுகிறாள், எறங்கு, என்கிறாள், இறங்குகிறேன், அட்டையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளுகிறாள், சின்னப்புள்ள மாதிரி திருட்டுத்தனமா சரி போட்டுருக்க, த்தூ, என்கிறாள், கலியபெருமாள் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு, எட்டு விரலால் வடத்தைப் பிடித்து, தொட்டியில் ஏறுகிறான், அவன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என் டம்ளர் போயிற்று, என் தொட்டி போயிற்று, ஆனால் என்ன வியப்பு, உடம்பு கூடை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது, நெஞ்சுக்குள் கம்ப்ரசர் நிற்கவே இல்லை, இன்னும் வேகமாக ஓடுகிறது, போலாம் ரைட், என்று யாரோ உள்ளே சொல்கிறார்கள்.

தொட்டி மேலே வருகிறது, கலியபெருமாளின் தலை தெரிகிறது, ஆறு, என்கிறான், முதல் சொல் சுத்தமாக விழுகிறது, எல்லாரும் கல்குவியலுக்குப் பின்னால் ஓடுகிறார்கள், தையல்நாயகி மட்டும் இஞ்சினை நிறுத்தாமல் கிரேனைப் பின்னுக்கு ஓட்டிக்கொண்டு போய் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கிறேன், பதினாறு வருஷப் பழக்கம், டமார், ஒண்ணு, என்று எல்லாரும் கத்துகிறார்கள், டமார், ரெண்டு, டமார், மூணு, கிணற்றின் வாயிலிருந்து புகை கிளம்புகிறது, டமார், நாலு, தொடர்ந்து உடனேயே இன்னொரு சத்தம், அஞ்சு, அப்புறம் கொஞ்சம் விட்டு, டமார், ஆறு, ஆறு, என்று கிணற்றுக்காரர் துண்டை ஆட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார், ஆறும் போயிருச்சுய்யா, எறங்குங்க, பொழுது இருக்கையிலயே பாத்துருவோம், என்கிறார், கலியபெருமாள் கடப்பாரையைக் கையில் எடுக்கிறான், அஞ்சுதான், என்கிறேன் நான்.

எல்லாரும் திரும்புகிறார்கள், நாலுக்கு அப்பறம் வந்தது வெடி இல்ல, எதிரொலி, அந்தப் பாறை ஒத்தப் பாறை, அடிச்சுத் திருப்பிக் குடுத்துச்சு, வெடின்னா கால்ல கேக்கும், இது காதுல மட்டுந்தான் கேட்டுச்சு, அஞ்சு, என்கிறேன், கிணற்றுக்காரர் சிரிக்கிறார், அடடா, ஆறு பேரு ஆறுன்னு எண்ணுனோம், இவருக்கு மட்டும் கால்ல காது மொளச்சிருக்கு, முப்பத்தேழ அறுவதுன்ன வாயிதானய்யா இது, என்கிறார், கல் சுமக்கிறவர்களும் சிரிக்கிறார்கள், எனக்குக் கோபம் வரவில்லை, நியாயமான சிரிப்பு அது, ஆனால் கலியபெருமாள் கடப்பாரையோடு தொட்டியை நோக்கி நடக்கிறான், மச்சான், வேண்டாம்டா, என்று போய் அவன் கையைப் பிடிக்கிறேன், அந்தக் கை, விரல் இருந்த இடத்தில் வழவழவென்று தோல் மூடிய அந்தக் கை, எனக்கு அரக் காதுதான மாமா, நான் என்னத்தக் கண்டேன், அக்கா சொல்லட்டும், என்கிறான், எல்லாரும் தையல்நாயகியைப் பார்க்கிறார்கள், அவள் இஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தாள், அவள் காலுக்குக் கீழே இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது, எது வெடி, எது எதிரொலி என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, என்னைப் பார்க்கிறாள், பிறகு சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து முந்தானையில் முடிகிறாள், அஞ்சுதான், என்கிறாள், என்னம்மா நீயி, குடிகாரன் பேச்ச, என்று கிணற்றுக்காரர் ஆரம்பிக்கிறார், செத்த நேரத்துக்கு முன்னாடி அறுவதுன்னே சொல்லிருந்தா அவரு இந்நேரம் கொளுத்திட்டு வந்து மாலை வாங்கிருப்பாரு, சொல்லலல்ல, அந்த வாயி இப்ப அஞ்சுங்குது, கெணத்த மூடுங்கடா, என்கிறாள்.

கிணற்றுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டீ வரவழைக்கிறார், மறுநாள் கூலி, கம்ப்ரசர் வாடகை என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், வேலிக்காத்தான் மர நிழலில் எல்லாரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம், என் பக்கத்தில் யாரும் இல்லை, நான் தப்பாகக் கேட்டிருந்தால் என்று ஒரு எண்ணம் வருகிறது, கால் பொய் சொல்லுமா, ஏழு மாதமாகக் கூடை சுமந்த கால், மரத்துப்போன கால், டீயில் ஒரு வாய் குடிக்கிறேன், இரண்டாவது வாய்க்கு டம்ளரைத் தூக்குகிறேன், தரை உள்ளங்காலில் குத்துகிறது, அப்புறம்தான் சத்தம் வருகிறது, டமார், அதுவரைக்கும் ஊமையாகக் கசிந்துகொண்டிருந்த திரி, கிணற்றின் வாய் ஒரு ஆள் உயரத்துக்குப் புகையும் தூளும் கக்குகிறது, கலியபெருமாளின் கையிலிருந்து டீ டம்ளர் விழுகிறது, யாரும் கத்தவில்லை, யாரும் எண்ணவில்லை, அந்த அமைதியில் தையல்நாயகி மட்டும் ரொம்ப மெதுவாக, தன் தம்பியைப் பார்த்துக்கொண்டே, ஆறு, என்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்தது கனவு மாதிரி இருக்கிறது, புகை அடங்குவதற்கு முன்னாலேயே அடியில் ஒரு சத்தம், பெரிய பானையில் சோறு கொதிக்கிற மாதிரி, டேய் தண்ணிடா, என்று கலியபெருமாள்தான் முதலில் சொல்கிறான், உள்ள காதால் கேட்டிருக்கிறான், கிணற்றுக்காரர் ஓடுகிறார், வருகிறார், கையில் பாட்டில், டம்ளரில் ஊற்றிக்கொண்டு நேரே என்னிடம் வருகிறார், எண்ணிக்கை சொன்னவருக்குத்தான் மொதோ டம்ளரு, புடிங்க, தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க, என்கிறார், அதே டம்ளர், என் டம்ளர், வாசனை மூக்கில் ஏறி மூளைக்குப் போய் அங்கிருந்து நாக்குக்கு இறங்குகிறது, கையை நீட்டுகிறேன், நீட்டிய கை டம்ளருக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது, அதன் மேல் ஒரு வெள்ளைத்தாள் உட்கார்ந்திருப்பது எனக்கு மட்டும் தெரிகிறது, முப்பத்தேழுங்க, என்கிறேன், என்ன முப்பத்தேழு, என்று அவர் விழிக்கிறார், தையல்நாயகி சிரிக்கிறாள், ஏழு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறாள், அவருக்குக் கலர் சோடா வாங்கியாங்க, என்கிறாள், வந்து என் சட்டைப்பையில் கைவிட்டு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டுகிறாள், போடு, என்கிறாள், நான் வெடியில் மேலே தெறித்து விழுந்த திரியின் கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கி இருபத்து மூன்றாவது கட்டத்தில், அழகாக விழுந்த அந்தச் சரிக்குறியின் மேல், இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, போடுகிறேன், கோணலாகத்தான் வருகிறது, அடுத்த வியாழக்கிழமை வட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும், பூவராகன் அண்ணன் என்ன சொல்வார், எந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார் என்று இப்போதே கேட்க வேண்டும்போல இருக்கிறது, நாளைக்கி நீதான் எறங்குறியா, என்று கலியபெருமாள் கேட்கிறான், அவரு அறுவது முடிச்சுட்டு வரட்டும், என்கிறாள் அவள், இன்னும் இருபத்து மூணு நாளுதான, என்கிறாள், அவளே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் கிணற்றின் விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்க்கிறோம், புகை விலகிக்கொண்டிருக்கிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது தண்ணீர், பாறையின் இடுக்கிலிருந்து சுழித்துச் சுழித்து ஏறுகிறது, எண்பதடிக்குக் கீழே, நான் கனவில் நின்று அண்ணாந்து பார்த்த அதே இடத்தில், சோறு தின்கிற வட்டில் அளவுக்கு வானம் கிடக்கிறது, கலங்கிக் கலங்கித் தெளிகிறது, அதன் விளிம்பில் ஒட்டிய பருக்கைகள் மாதிரி இரண்டு முகம்.